அது தியாகம் இல்லீங்க சாமி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். ரிலீஸ் முடிஞ்சு, அந்த ரிலீஸ்ல விழுந்த ஓட்டையெல்லாம் அடைச்சு முடிச்சு, இன்னிக்குத்தான் மூச்சு விட நேரம் கிடைச்சுது. வந்ததும் வராததுமா சண்டை போடப் போறேன். பதிவு வேற கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2025 ஜூலைல 'சையாரா'ன்னு ஒரு இந்திப் படம் வந்து, தியேட்டர்ல பசங்களும் பொண்ணுங்களும் தேம்பித் தேம்பி அழுத வீடியோவெல்லாம் சுத்துச்சு இல்லையா? அதை எடுத்த மோஹித் சூரிதான் 2013-ல 'ஆஷிகி 2' எடுத்தவர். அந்தச் சாக்குல ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்க ரூம்ல 'ஆஷிகி 2' மறுபடி ஓடுச்சு. நாலு பேர், ரெண்டு பிரியாணி, ஒரு லேப்டாப். கடைசி சீன் வந்துது. ஹீரோ, தான் உயிரோட இருந்தா காதலிக்குப் பாரம்னு முடிவு பண்ணி செத்துப் போறான். பக்கத்துல இருந்த நண்பன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "காதல்னா இதுதாண்டா மச்சான்"ன்னான்.

எனக்கு எங்கேர்ந்து கோவம் வந்துதுன்னே தெரியல. "இது காதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல"ன்னு ஆரம்பிச்சு, ராத்திரி ஒன்றரை வரைக்கும் கத்திக்கிட்டிருந்தேன். கடைசியில மூணு பேரும் தூங்கிட்டானுங்க. தூங்கினவங்ககிட்ட சொல்ல முடியாம போனதைத்தான் இங்க எழுதறேன். ஆட்டோ அனுப்பறவங்க முழுசா படிச்சுட்டு அனுப்புங்க :-)

முன்னாடியே சொல்லிடறேன். அஞ்சாறு படத்தோட முடிவையும் போட்டு உடைக்கப் போறேன். ஆனா யார் எப்படிச் செத்தாங்கன்னு விலாவாரியா எழுத மாட்டேன். ஏன்னு போகப் போகப் புரியும்.

*

மொதல்ல இந்தக் கதையோட ஜாதகம். 'ஆஷிகி 2' மோஹித் சூரி உக்காந்து யோசிச்ச கதை இல்ல. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டா ஓடிக்கிட்டிருக்கிற கதை.

1932-ல ஜார்ஜ் கூக்கர் 'வாட் பிரைஸ் ஹாலிவுட்?'னு ஒரு படம் எடுத்தார். ஓட்டல்ல வேலை பாக்குற பொண்ணை ஒரு குடிகார டைரக்டர் நடிகை ஆக்கறார். அவ மேல போறா, அவர் கீழ போறார், செத்துப் போறார். தயாரிப்பு டேவிட் செல்ஸ்னிக். அதே செல்ஸ்னிக் 1937-ல வில்லியம் வெல்மனை வெச்சு 'எ ஸ்டார் ஈஸ் பார்ன்' எடுத்தார். ஜேனட் கேய்னர், ஃப்ரெட்ரிக் மார்ச். இதுல குடிகார நடிகனுக்கும் புது நடிகைக்கும் காதல், கல்யாணம், அப்புறம் அதே முடிவு. 1954-ல கூக்கரே திரும்பி வந்து, ஜூடி கார்லண்ட், ஜேம்ஸ் மேசனை வெச்சு அதைப் பாட்டுப் படமா எடுத்தார். 1976-ல பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன். சினிமா போய் ராக் மியூசிக் வந்துது. 2018-ல பிராட்லி கூப்பர் தானே டைரக்ட் பண்ணி, லேடி காகாவோட நடிச்சார். நடுவுல 2013-ல நம்ம ஆளுங்க பண்ணினதுதான் 'ஆஷிகி 2'. அது 2014-ல தெலுங்குலயும் 'நீ ஜதகா நேனுண்டாலி'ன்னு வந்துது.

எலும்புக்கூடு எல்லாத்துலயும் ஒண்ணுதான். புகழ்ல இருக்கிற ஒரு குடிகாரன். யாருக்கும் தெரியாத திறமைசாலிப் பொண்ணு. அவன் அவளைக் கண்டெடுக்கறான். அவ ஏறுறா, அவன் இறங்கறான். ஒரு மேடையில எல்லார் முன்னாடியும் அவளை அசிங்கப்படுத்தறான். அவ தன் தொழிலை விட்டுட்டு அவனைப் பாத்துக்கப் போறேன்னு சொல்றா. அது அவன் காதுல விழுது. 1937, 1954, 2013 மூணுலயும் ஒட்டுக்கேட்டுத்தான் தெரிஞ்சுக்கறான். 2018-ல அவளோட மேனேஜர் நேர்லயே வந்து, நீ அவளுக்குப் பாரம்ங்கற மாதிரி பேசிட்டுப் போறான். உடனே ஹீரோ அவளுக்கு "விடுதலை" குடுத்துடறான். 1976-ல மட்டும் கார் விபத்து. வேணும்னே பண்ணினானா, தானா நடந்துச்சான்னு படம் தெளிவா சொல்லாது.

படங்கள் மோசம்னு நான் சொல்ல வரல. அதையும் ஒழுங்கா சொல்லிடறேன், இல்லேன்னா நேர்மை இல்ல. 1954 படத்துல எல்லாரும் போனதுக்கப்புறம் காலியான ஒரு கிளப்ல ஜூடி கார்லண்ட் பாடற பாட்டு ஒண்ணு இருக்கு, வெட்டே இல்லாம ஒரே ஷாட். இன்னிக்குப் பாத்தாலும் முடி சிலிர்க்கும். 1976 படத்தோட 'எவர்கிரீன்', 2018 படத்தோட 'ஷாலோ' ரெண்டும் ஆஸ்கர் வாங்கின பாட்டு. அரிஜித் சிங் 'தும் ஹி ஹோ' பாடினப்போ நான் பத்தாவதுலேர்ந்து பதினொண்ணாவது போயிட்டிருந்தேன். இந்தியில ஏக் தோ தீனுக்கு மேல தெரியாது. ஆனா அந்தப் பாட்டு முழுசும் மனப்பாடம். எங்க ஊர் மொபைல் கடையில மெமரி கார்டுல ஏத்தித் தர்ற பாட்டு லிஸ்ட்ல அதுதான் முதல்.

படம் நல்லா இருக்குங்கறதுதான் என் பிரச்சினையே. மொக்கைப் படம் சொல்ற பொய்யை யார் நம்பப் போறா?

*

பிராது நம்பர் 1: பேரு.

இந்தப் படங்களோட கடைசி நிமிஷத்தை மட்டும் வரிசையா போட்டுப் பாருங்க. 1937-ல புருஷன் செத்ததுக்கப்புறம் முதல் தடவையா வெளிய வர்ற நாயகி, மைக்குல தன் பேரைச் சொல்லாம, புருஷன் பேரைச் சொல்லி அவனோட மனைவின்னு தன்னை அறிமுகப்படுத்திக்கறா. 1954-லயும் அதேதான். 1976-ல அவளை மேடைக்குக் கூப்பிடும்போது அவ பேரோட அவன் குடும்பப் பேரையும் சேர்த்துக் கூப்பிடறாங்க. 2018-ல அவளே அவன் குடும்பப் பேரைத் தன் பேரோட சேர்த்துச் சொல்லிட்டுத்தான் கடைசிப் பாட்டைப் பாடறா. 'ஆஷிகி 2'-ல ஆட்டோகிராஃப் போடும்போது தன்னை ராகுலோட மனைவியா எழுதிக் குடுக்கறா.

எண்பது வருஷத்துல அஞ்சு படம், அஞ்சுலயும் அதே முத்திரை. "அவளுக்கு விடுதலை குடுக்கத்தான் செத்தான்"னு சொல்றீங்களே, இதுல எங்க விடுதலை இருக்கு? உசுரோட இருந்தப்பவாவது அவளுக்குன்னு ஒரு பேர் இருந்துது. செத்து, அதையும் எடுத்துக்கிட்டான். இனிமே அவ எந்த மேடை ஏறினாலும், எந்தப் பாட்டு பாடினாலும் அவனைத்தான் பாடியாகணும். இதுக்குப் பேர் சிறகா? கட்டுப்போட்ட மாதிரி இல்ல?

பிராது நம்பர் 2: காதல்ங்கற மருந்து.

இந்தக் கதைகள்ல குடிங்கறது ஒரு சோகம். மழை மாதிரி, பின்னணி இசை மாதிரி. ஹீரோ மனசுல ஏதோ வலி, அதனால குடிக்கறான். நாயகி உண்மையா நேசிச்சா சரியாயிடுவான். அவ ராத்திரி பகலா பக்கத்துல இருந்து பாட்டிலைப் பிடுங்கிப் போடுவா, ஒரு பாட்டு வரும், அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள தாடி மழிச்சு நல்ல சட்டை போட்டிருப்பான்.

நிஜம் என்ன? தினம் முட்ட முட்டக் குடிக்கிற ஒருத்தர் வீட்டுலயே படக்குன்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து வரலாம். கை நடுங்கும். வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள்ல புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். இதுக்கு டாக்டர் வேணும், மருந்து வேணும். குடிக்கற ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன்னு ஒரு மாத்திரை, அமெரிக்காவுல 1994-லயே அனுமதி குடுத்துட்டாங்க. இதெல்லாம் பாட்டுல வராது, சரி. வசனத்துலயாவது வரக்கூடாதா?

'எ ஸ்டார் ஈஸ் பார்ன்' முதல் தடவை வந்தது 1937. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1935-ல, அதே அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஆக்ரன்ங்கற ஊர்ல ரெண்டு குடிகாரங்க உக்காந்து பேசி ஒருத்தரை ஒருத்தர் நிறுத்த வெச்சாங்க. அதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இன்னிக்கு நம்ம ஊர்கள்லயும் அதோட கூட்டம் நடக்குது. 1951-ல குடிக்கறவங்க குடும்பத்துக்குன்னே தனியா ஆல்-அனான் வந்துது. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் லோயிஸ் வில்சன், மேல சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தரோட மனைவி. அங்க குடும்பத்துக்குச் சொல்லித் தர்ற முதல் பாடமே, இந்தக் குடிக்கு நீ காரணம் இல்ல, இதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ உன்னால ஆகாது, நீ உன் வாழ்க்கையைப் பாருங்கறதுதான்.

அதாவது கதை பிறந்த காலத்துலயே அதுக்கான பதிலும் பிறந்தாச்சு. ஆனா சினிமாக்காரங்க எடுத்துக்கிட்டது கதையை மட்டும்.

*

பிராது நம்பர் 3-க்குப் போறதுக்கு முன்னாடி என் வீட்டுக் கதை ஒண்ணு சொல்லணும். இதை இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல. மாமாகிட்டயும் அத்தைகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

எங்க அம்மாவோட தம்பி, என் மாமா, கும்பகோணம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிச்சுக்கிட்டிருந்தார். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சி மாநாடு எல்லாத்துக்கும் போவார். லேடி காகா அளவுக்கு இல்லேன்னாலும் எங்க ஏரியாவுல அவர் ஸ்டார்தான். இளையராஜா இன்டர்லூடை நோட்டு பிசகாம வாசிச்சார்னா முன்வரிசையில விசில் பறக்கும். சின்ன வயசுல எனக்கு அவர்தான் ஹீரோ.

கச்சேரி முடிய ராத்திரி ஒண்ணு, ரெண்டு மணியாகும். முடிஞ்சதும் வேன்லயே பாட்டில் திறப்பாங்க. மொதல்ல கச்சேரி நாள்ல மட்டும், அப்புறம் கச்சேரி இல்லாத நாள்லயும், அப்புறம் காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி. 2014 வாக்குல மேடையிலயே விரல் நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. ஒரு கல்யாண ரிசப்ஷன்ல பாட்டு நடுவுல கீபோர்டு மேலயே சாஞ்சுட்டார். 2018 படத்துல கிராமி மேடை சீனைப் பாத்துட்டு எல்லாரும் "அய்யோ"ன்னாங்க. எனக்கு அந்தக் கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் சேர்தான் ஞாபகம் வந்துது. கீபோர்டு அடகுக் கடைக்குப் போச்சு.

அத்தை ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். சொந்தக்காரங்க அவங்களுக்குக் குடுத்த அட்வைஸ் என்ன தெரியுமா? "நீ அனுசரணையா இருந்தா அவன் ஏன் குடிக்கறான்", "வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்து பாத்துக்கோ." மேல சொன்ன அஞ்சு படத்தோட வசனமும் இவ்வளவுதான். எங்க பாட்டி இங்கிலீஷ் படமே பாத்ததில்ல, ஆனா கதை அவங்களுக்கு அத்துப்படி.

2015 தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி. நான் இன்ஜினியரிங் முதல் வருஷம், லீவுக்கு அங்க போயிருந்தேன். மாமா திண்ணையில உக்காந்திருந்தார். அன்னிக்கு அதிசயமா தெளிவாத்தான் இருந்தார். உள்ள முறுக்கு சுட்டுக்கிட்டிருந்த அத்தைகிட்ட, யாரோ மூணாம் மனுஷனைப் பத்திப் பேசற மாதிரி சாதாரணமா சொன்னார்: "நான் ஒரு பாரம்டி. நான் போயிட்டேன்னா நீயும் பாப்பாவும் நிம்மதியா இருப்பீங்க."

'ஆஷிகி 2' ராகுல் மனசுக்குள்ள ஓடற அதே கணக்கு. 1937-லேர்ந்து ஒவ்வொரு ஹீரோவும் போடற கணக்கு. படத்துல இந்த இடத்துல வயலின் வரும். எங்க வீட்டுல எண்ணெய் காயற சத்தம்தான் வந்துது.

அத்தை அடுப்பை அணைச்சுட்டு வெளிய வந்தாங்க. "உங்களைப் போகச் சொல்லி நான் என்னிக்காவது கேட்டேனா? குடியை நிறுத்தச் சொல்லித்தான் கேட்டேன். நீங்க போயிட்டா பாப்பா பத்தாவது பரீட்சை ஹால்ல உக்காந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கும். அதுக்குப் பேரு நிம்மதியா?"ன்னாங்க. அழல. கையில மாவு ஒட்டியிருந்துது. அன்னிக்கு ராத்திரி அவரைத் தனியா விடல. எங்கப்பாவுக்கு போன் போட்டு வரவழைச்சாங்க. மறுநாள் காலையில அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

மூணாம் நாள் வார்டுல மாமா இல்லாத பூச்சியைச் சட்டையிலேர்ந்து தட்டி விட்டுக்கிட்டிருந்தார். அது ரொமான்டிக்கா இல்லீங்க. எந்தக் கேமராவும் அதை அழகா காட்ட முடியாது.

இப்ப பிராது நம்பர் 3.

"நான் பாரம், நான் போயிட்டா இவங்க நல்லா இருப்பாங்க"ங்கற நினைப்பு காதல் இல்ல. தியாகமும் இல்ல. அது நோயோட குரல். குடியும் மனச்சோர்வும் சேர்ந்து ஒரு மனுஷன் காதுல ஓதற பொய். தற்கொலையைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க, இப்படித் தன்னை மத்தவங்களுக்குச் சுமைன்னு நம்பறதை ஆபத்தான அறிகுறிகள்ல ஒண்ணா வெச்சிருக்காங்க. மாமா சொன்னதைக் கேட்டு அத்தை ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. படம் என்ன பண்ணுது? அந்தப் பொய்யை உண்மைன்னு நிரூபிச்சுக் காட்டுது! அவன் சாகறான், அவ ஜெயிக்கறா, அரங்கம் நிரம்பி வழியுது, கைத்தட்டல். ஹீரோ போட்ட கணக்கு சரின்னு டைரக்டர் டிக் அடிச்சு, கீழ பாட்டும் போட்டுக் குடுக்கறார். தியேட்டர்ல எத்தனை ராகுல் உக்காந்திருப்பான், எத்தனை மாமா உக்காந்திருப்பார்னு ஒரு நிமிஷம் யோசிச்சா இப்படி எடுப்பாங்களா?

இதுல நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. அன்னிக்குத் திண்ணையில மாமா அதைச் சொன்னப்ப நான் வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். பதினெட்டு வயசு. அந்த ஒரு செகண்ட் என் மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? 'ஆமா, போயிட்டா நல்லாத்தான் இருக்கும்.' அத்தை பள்ளிக்கூடத்துல தலை நிமிர்ந்து நடப்பாங்க, பாப்பா நிம்மதியா படிக்கும்னு. அந்த நினைப்பு வந்ததுக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்குள்ள கூசுது. இந்தப் படங்கள் நம்மகிட்டேர்ந்து வரவழைக்கறது சரியா அந்த நினைப்பைத்தான். அவ நல்லா வரணும்னா இவன் போயாகணும்னு நம்மளை நினைக்க வெக்குது. அவன் போனதும், நாம அப்படி நினைச்சோமேன்னு கூசாம இருக்க, அதுக்குத் தியாகம்னு பேர் வெச்சு அழ வெக்குது. அழுதா மனசு லேசாயிடும் இல்ல? எனக்கு லேசாகல. அதான் அன்னிக்கு ராத்திரி கத்தினேன்.

*

இப்ப நண்பர்கள் எடுத்து விட்ட பதில்கள்.

"2018 படம் அப்படி இல்லடா, அதுல அதை நோயாத்தான் காட்டறாங்க." பாதி ஒத்துக்கறேன். அதுல ரிஹாப் வருது. கடைசியில அண்ணன் பாபி, இதுல உன் தப்பு எதுவுமே இல்லன்னு அவகிட்ட சொல்றான். இந்த வரிசையிலேயே நேர்மையான சீன் அதுதான். ஆனா அதே படம்தான் அடுத்த நிமிஷம் அவளை மேடையேத்தி, அவன் எழுதின பாட்டை அவன் பேரோட பாட வெச்சு, நம்மளை உருக வெக்குது. பாபி சொன்னதைப் பாட்டு அடிச்சுட்டுப் போயிடுது. நியூசிலாந்துல அந்தப் படம் வந்தப்ப, பாத்த சில இளைஞர்கள் ரொம்பப் பாதிக்கப்பட்டதா புகார் வந்து, சென்சார் அலுவலகம் தற்கொலைக் காட்சி இருக்குன்னு எச்சரிக்கை சேர்க்கச் சொல்லுச்சு. நான் மட்டும்தான் உணர்ச்சிவசப்படறேன்னு சொல்லாதீங்க.

"சும்மா சினிமாடா, பாத்துட்டுப் போவியா." சினிமா சும்மா இல்லன்னு ஊருக்கே சொல்லித் தந்த நாடு நம்ம நாடு. சும்மான்னா எதுக்கு அழுத?

"சோகமா முடிஞ்சாத்தான் கலை." இதுக்கு நான் பதில் சொல்ல வேண்டாம், அந்தப் படங்கள்ல நடிச்சவங்களே சொல்லிட்டாங்க.

ஜூடி கார்லண்டை எடுத்துக்கோங்க. 1954 படத்துல அவங்கதான் தெளிவான ஆள், குடிகாரப் புருஷனைத் தாங்கிப் பிடிக்கறவங்க. நிஜத்துல சின்ன வயசுலேர்ந்து ஸ்டூடியோ காலத்து மாத்திரைகளுக்கு அடிமையானவங்க. 1969-ல லண்டன்ல அளவு மீறின தூக்க மாத்திரையால இறந்தாங்க. தற்செயல்னுதான் தீர்ப்பு. வயசு 47. நம்ம சாவித்திரியும் அப்படித்தான். 1953 'தேவதாஸ்'ல குடிச்சே அழியறவனுக்காக அழுத பார்வதி, பின்னாடி தானே குடியில சிக்கி, மாசக்கணக்கா நினைவில்லாம கிடந்து 1981-ல போனாங்க. அவங்க சாவால யார் சிறகு விரிச்சா? யாருக்கு விடுதலை கிடைச்சுது? பாடறதுக்கும் நடிக்கறதுக்கும் இன்னும் எவ்வளவோ இருந்துது, போச்சு. அவ்வளவுதான்.

மறுபக்கம் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன். 1976-ல ஹீரோவா நடிச்சப்ப நிஜத்துலயும் மொடாக்குடியர். திரையில தன்னைப் பிணமா பாத்ததும், தன் குடும்பம் இப்படித்தானே அழும்னு தோணி குடியை விட்டதா பேட்டிகள்ல சொல்லியிருக்கார். 2024 செப்டம்பர்ல இறந்தார், வயசு 88. அந்தக் கதாபாத்திரம் செத்ததுக்கப்புறம் அந்த நடிகர் கிட்டத்தட்ட அம்பது வருஷம் வாழ்ந்தார். பாட்டு எழுதினார், படம் நடிச்சார், பேரப்பிள்ளைங்களைப் பாத்தார். 2018 ஹீரோ பிராட்லி கூப்பர், 29 வயசுல குடியையும் போதையையும் விட்டதா அவரே சொன்னவர். தான் பிழைச்சு வந்த ஆள், பிழைக்காதவன் கதையைத்தான் எடுத்தார். பிழைச்சவன் கதையில கிளைமாக்ஸ் இல்லைன்னு நினைச்சார் போல.

இருக்குங்க. சென்னையிலேயே இருக்கு. டி.டி. கிருஷ்ணமாச்சாரியோட பேரன் டி.டி. ரங்கநாதன் குடிநோயால 1979-ல இறந்தார். மனைவி சாந்தி ரங்கநாதன். நம்ம சினிமாக் கணக்குப்படி அவங்க என்ன பண்ணியிருக்கணும்? வெள்ளைப் புடவையில ஒரு பாட்டு. அவங்க அடுத்த வருஷமே, 1980-ல, புருஷன் பேர்லயே குடிநோய்க்கு ஒரு சிகிச்சை அமைப்பை ஆரம்பிச்சாங்க. குடிக்கறவங்களுக்கு மட்டும் இல்லாம அவங்க குடும்பத்துக்கும் சேர்த்து சிகிச்சை. 1992-ல பத்மஸ்ரீ. பிராது 1-ல பேரைப் பத்தி அவ்வளவு கத்தினேன் இல்லையா? இங்கயும் புருஷன் பேர்தான். ஆனா அவங்க அந்தப் பேரை வெச்சு அவன் சாவைக் கொண்டாடல, இன்னொருத்தன் சாகாம இருக்க ஆஸ்பத்திரி வாசல்ல எழுதி வெச்சாங்க. அந்த வித்தியாசத்தைத்தான் நான் கேக்கறேன். இதை எடுங்கய்யா ஒரு படமா!

*

மாமா கதையை முடிச்சுடறேன். நேர்கோடா போகல. ரெண்டு தடவை திரும்பக் குடிச்சார். ரெண்டாவது தடவை நான்கூட "இனி அவ்வளவுதான்"னு கைகழுவிட்டேன். அத்தை வேலையை விடல. குழுக்காரர் போன் பண்ணினா "அவருக்குக் காய்ச்சல்"னு பொய் சொல்றதை மட்டும் விட்டாங்க. "குடிச்சுட்டுப் படுத்திருக்கார்"னு உள்ளதைச் சொன்னாங்க. மாமாவுக்கு வேலை போச்சு. அந்த அவமானத்துக்கப்புறம்தான் அவரே ஒழுங்கா மருந்தும் கூட்டமும்னு போக ஆரம்பிச்சார். 2017-லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் தொடல.

அதுக்கு விலை குடுத்தார். மேடையை விட்டுட்டார். கச்சேரி, வேன், பாட்டில் எல்லாம் அவருக்கு ஒரே கயிறு. இப்ப வீட்டு முன்ரூம்ல பசங்களுக்குக் கீபோர்டு கத்துக் குடுக்கறார். புகழா காதலான்னு கேக்கறாங்களே, அவர்கிட்ட யாரும் அப்படிக் கேக்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன பண்றதுங்கறதுதான் தினம் கேள்வி. அதுக்குத்தான் ஆறு மணி பேட்ச்.

போன தடவை ஊருக்குப் போனப்ப ஒரு எட்டாம் வகுப்புப் பையன் 'தும் ஹி ஹோ' வாசிச்சுக்கிட்டிருந்தான். மாமா பக்கத்துல உக்காந்து விரலைத் திருத்திக்கிட்டிருந்தார். "நல்ல மெட்டுடா இது. என்ன படம், கதை என்ன?"ன்னார். சொன்னேன். முடிவையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"அப்புறம் அந்தப் பொண்ணு என்னாச்சு?"

"அதோட படம் முடிஞ்சுடுது மாமா."

"அதெப்படி அதோட முடியும்?"னு கேட்டுட்டு, பையனை மறுபடி முதல்லேர்ந்து வாசிக்கச் சொன்னார்.

என் கேள்வியும் அதேதான் மக்களே. விமர்சனம் எழுதறவங்க அடுத்த தடவை "அமர காதல் காவியம்"னு டைப் அடிக்கறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் யோசிங்க. பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. கும்மறவங்க கும்மலாம்.

டிஸ்கி: இதைப் படிக்கறப்ப "நான் பாரம்"ங்கற நினைப்பு உங்களுக்கே இருந்தா, தயவுசெஞ்சு பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. யாரும் இல்லேன்னா டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம். போதையிலேர்ந்து மீள 14446. ரெண்டும் இலவசம்.